குழந்தையைக் கட்டிச் சுமக்கும் துணி: எங்கே தைக்கணும், எங்கே தைக்கவே கூடாது

என் மகளுக்கு ஏழு வாரம் இருக்கும்போது தைத்த ஒரு பை இன்னும் என் அலமாரியில் கிடக்கிறது. பார்க்க அழகான பைதான். நீல நிறக் காட்டன், ஓரத்தில் பைப்பிங், தோளில் பஞ்சு வைத்த பட்டை. எங்கோ பார்த்த படத்தை வைத்து நானே கணக்குப் போட்டு, அத்தையின் பழைய தையல் மெஷினில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து தைத்தது. அதில் அவளை மொத்தமே பத்து நிமிஷம்தான் சுமந்தேன்.

"அம்மிணி, கொழந்தை கழுத்து மடங்கியிருக்குது பாரு" என்றார் அத்தை (என் மாமியார்). குனிந்து பார்த்தேன். பைக்குள் அவள் முதுகு வில்லாக வளைந்து, தாடை நெஞ்சில் ஒட்டிக் கிடந்தது. நானோ நன்றாகத் தூங்குகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வெளியே எடுத்ததும் ஒரு பெருமூச்சு விட்டு அழ ஆரம்பித்தாள். அதுவரை அவள் அழுகையைக் கேட்டு நான் அவ்வளவு நிம்மதி அடைந்ததில்லை.

அதற்கப்புறம்தான் இதைப் பற்றி ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். படித்ததும், திரும்பத் தைத்ததும், சோதித்துப் பார்த்ததும் சேர்ந்ததுதான் இந்தக் குறிப்பு. சுருக்கமாகச் சொன்னால் இதுதான்: குழந்தையைத் தாங்குவது தையல் இல்லை. துணியின் நெசவும், அது நம் உடம்பைச் சுற்றிப் போகிற விதமும்தான் தாங்குகின்றன. பாரம் விழுகிற இடத்தில் தையல் இல்லாமல் இருப்பதுதான் நல்லது.

கடைகளில் 'பேபி ராப்' என்று விற்கிற நீளத் துணியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இங்கே அதைக் கட்டுத்துணி என்றே சொல்லிக்கொள்கிறேன்.

இது புதுசு ஒண்ணும் இல்லை

மெக்சிகோவில் ரெபோசோ, கிழக்கு ஆப்பிரிக்காவில் கங்கா, கொரியாவில் பொதேகி என்று உலகம் முழுக்கத் துணியில் குழந்தையைக் கட்டிச் சுமந்திருக்கிறார்கள். ஜெர்மனியில் எரிக்கா ஹாஃப்மன் என்ற பெண்மணி தன் இரட்டைக் குழந்தைகளை அப்படி ஒரு மெக்சிகோ துணியில் சுமக்க ஆரம்பித்து, அதைப் பார்த்தவர்கள் எல்லாம் கேட்கப்போய், 1972-ல் அதற்கென்றே துணி நெய்து விற்கத் தொடங்கினார். அந்த நிறுவனத்தின் பெயர் தீதிமோஸ். கிரேக்க மொழியில் 'இரட்டையர்' என்று பொருள். ஐரோப்பாவில் இந்தப் பழக்கம் மறுபடி பரவியதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

நமக்குத் தூளி இருக்கிறதே என்று கேட்கலாம். தூளி வீட்டு விட்டத்தோடு இருப்பது. நாம் நடந்தால் கூட வராது. வெளியே போக நமக்கு இருந்தது இடுப்பு. இடுப்பில் வைக்கும்போது குழந்தை நம்மைக் கவ்வி உட்காருகிறது பாருங்கள், கால் இரண்டும் விரிந்து, முட்டி பிட்டத்தைவிட உயரமாக, தவளை மாதிரி. இடுப்பு மூட்டுக்கு அதுதான் நல்ல நிலை. கெட்டியாகக் காலை நீட்டிக் கட்டுவது அதற்கு நேரெதிர். ஜப்பானில் 1975 வாக்கில் கைக்குழந்தைகளின் காலை நீட்டிச் சுற்றும் வழக்கத்தை விடச் சொல்லி ஒரு பிரசாரமே நடத்தினார்கள். அதன் பிறகு அங்கே இடுப்பு மூட்டு விலகும் குறை வெகுவாகக் குறைந்தது.

ஆனால் கழுத்து நிற்காத குழந்தையை இடுப்பில் வைக்க முடியாது. முதல் நான்கு மாசம்தான் பிரச்சினையே. கீழே போட்டால் அழுகை, தூக்கினால் நமக்கு ஒரு கைதான் மிச்சம். இந்த இடைவெளிக்குத்தான் கட்டுத்துணி.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் துணியைக் கட்டிக்கொண்டு முதன்முதலில் தெருவில் இறங்கியபோது, "என்னம்மா, பஸ் ஸ்டாண்டுல ஊசி பாசி விக்கிறவங்க மாதிரி" என்று ஒரு உறவுக்காரர் சிரித்தார். எனக்கு அது கிண்டலாகப் படவில்லை. இரண்டு கையும் வேலைக்கு வேண்டும், குழந்தையும் கூடவே இருக்க வேண்டும் என்ற நிலை யாருக்கு இருந்ததோ அவர்கள் இதைக் கற்று வைத்திருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெண்களை இத்தனை வருஷம் பார்த்தும் எப்படிக் கட்டுகிறார்கள் என்று நான் ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை. அதுதான் எனக்கு உறைத்தது.

துணி எப்படித் தாங்குகிறது

ஒரு கைக்குட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். நீளவாட்டில் இழுங்கள், நீளாது. அகலவாட்டிலும் அப்படித்தான். இப்போது எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள். நன்றாக நீளும். நெய்த துணியில் பாவும் ஊடையும் நேராக ஓடுகின்றன. நூல் ஓடும் திசையில் இழுத்தால் நூலே தாங்குகிறது. மூலைவாட்டில் இழுத்தால் நூல் நீளுவதில்லை, பாவும் ஊடையும் குறுக்கிட்ட இடத்தில் லேசாகச் சாய்கின்றன. டெய்லர்கள் இதைத்தான் 'கிராஸ்' என்பார்கள்.

கட்டுத்துணியின் சூட்சுமம் இதுதான். நீளவாட்டில் அது அசையாமல் எடையைத் தாங்குகிறது. மூலைவாட்டில் இளகிக் கொடுத்து, குழந்தையின் பிட்டம், முதுகு, பிடரி என்று அந்தந்த வளைவுக்கு ஏற்ப உட்காருகிறது. என் நீலப் பையில் பைப்பிங்கும் மூட்டுத் தையலும் அந்த இளக்கத்தைப் பூட்டிவிட்டன. வெட்டித் தைத்த வடிவத்துக்குள் குழந்தை போய் மடங்கிக்கொண்டது. குழந்தையின் வடிவத்துக்குத் துணி வரவில்லை.

இரண்டாவது, உராய்வு. மாட்டைக் கட்டும்போது கயிற்றை முளையில் இரண்டு சுற்று சுற்றிவிட்டால், நுனியை ஒரு விரலால் பிடித்தாலே போதும். இழுவையின் பெரும்பகுதியைச் சுற்றுகளே எடுத்துக்கொள்கின்றன. கட்டுத்துணியும் அப்படியே. முதுகில் பெருக்கல் குறியாகக் குறுக்கிட்டு, இரண்டு தோளிலும் ஏறி, முன்னால் மறுபடி குறுக்கிட்டு, இடுப்பைச் சுற்றி வருகிறது. கடைசி முடிச்சுக்கு வந்து சேரும் இழுவை கொஞ்சம்தான். வழுவழுப்பான துணியில் இந்த உராய்வு கிடைக்காது. பட்டும் சாட்டினும் நைலானும் இதற்கு ஆகாததற்குக் காரணம் அதுவே.

மூன்றாவது, மூட்டு. சென்டிமீட்டருக்கு 20 பாவு நூல் என்று வைத்தால், 70 செ.மீ. அகலத் துணியில் 1400 நூல் எடையைப் பகிர்ந்துகொள்கின்றன. என் பையின் தோளில் 15 செ.மீ. அகலத்துக்கு இரண்டு துணியை ஒட்டுப் போட்டிருந்தேன். 3 மி.மீ.க்கு ஒரு தையல் என்றால் மொத்தம் 50 தையல். குழந்தையின் எடை முழுக்க அந்த ஐம்பதில். அதுவும் ஊசி குத்தி ஓட்டை போட்ட இடத்தில்.

எந்தத் துணி

இரண்டு வழி உண்டு.

ஒன்று, பனியன் துணி. பின்னிய துணி என்பதால் எல்லாப் பக்கமும் இழுபடும். பிறந்த குழந்தைக்கு மெத்தென்று இருக்கும். கற்றுக்கொள்வதும் சுலபம். திருப்பூர் காதர்பேட்டைப் பக்கம் கிடைக்கும், கிலோ கணக்கில். காட்டன் இன்டர்லாக் 200 ஜிஎஸ்எம் அளவில் கேளுங்கள். லைக்ரா நிறையக் கலந்தது வேண்டாம், நடக்க நடக்கக் குழந்தை கீழே இறங்கிக்கொண்டே போகும். நல்ல பனியன் துணியும் குழந்தை 7, 8 கிலோ தாண்டினால் தொய்ய ஆரம்பித்துவிடும். இழுபடும் துணியில் குழந்தையை முதுகுப் பக்கம் கட்டவே கூடாது.

இன்னொன்று, நெய்த துணி. கட்டப் பழகக் கொஞ்ச நாள் ஆகும், ஆனால் இரண்டு வயதுக் குழந்தையைக்கூடத் தாங்கும். நல்ல காட்டன், 180-லிருந்து 250 ஜிஎஸ்எம் வரை. ஜீன்ஸில் பார்க்கிற சாய்வுக்கோட்டு நெசவு (ட்வில்) இருந்தால் மூலைவாட்டில் இன்னும் நன்றாக இளகும். மெல்லிய சேலை ஆகுமா என்றால், தாங்கும், ஆனால் தோளில் கயிறு மாதிரி சுருண்டு அறுக்கும். ஜமக்காளம் மாதிரி மொத்தமானது முடிச்சே விழாது.

அளவு: நீளம் 4.6 மீட்டரிலிருந்து 5 மீட்டர், அகலம் 65-லிருந்து 75 செ.மீ. ஒல்லியானவர்களுக்கு நீளம் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். 58 அங்குலப் பன்னாவில் 5 மீட்டர் வாங்கி நீளவாட்டில் நடுவே வெட்டினால் இரண்டு கட்டுத்துணி கிடைக்கும். எக்காரணம் கொண்டும் இரண்டு துண்டை ஒட்டுப் போட்டு நீளமாக்க வேண்டாம். நான் செய்த தப்பு அதுதான்.

வாங்கியதும் முதலில் துவையுங்கள். காட்டன் சுருங்கும். ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் அந்தத் துணி வேண்டாம். குழந்தை நாள் முழுக்க அதைத்தான் சப்பப்போகிறது.

தைப்பது இவ்வளவுதான்

பனியன் துணிக்குத் தையலே தேவையில்லை. வெட்டின ஓரம் நூல் பிரியாது, லேசாகச் சுருண்டுகொள்ளும், அவ்வளவுதான். அழகுக்கு ஓரம் அடிக்க விரும்பினால் பால் பாயின்ட் ஊசி போடுங்கள். சாதா ஊசி பின்னலைக் குத்தி அறுத்து ஓட்டை விழவைக்கும்.

நெய்த துணிக்கு:

1. இரண்டு முனையையும் நேராக வெட்டாமல், சுமார் 20 செ.மீ. சாய்வாக வெட்டுங்கள். முடிச்சு சின்னதாக விழும், வால் கூர்மையாகி இழுக்க வசதியாக இருக்கும்.

2. ஓரத்தை ஒரு செ.மீ. மடித்து, மறுபடி ஒரு செ.மீ. மடித்து அயர்ன் செய்துகொள்ளுங்கள். சுற்றிலும் பதினோரு மீட்டருக்கு மேல் வரும். அயர்ன் செய்யாமல் ஆரம்பித்தால் பாதியில் கோணிக்கொள்ளும்.

3. பாலியஸ்டர் நூல், 16-ஆம் நம்பர் ஊசி, நேர்த்தையல், 2.5-லிருந்து 3 மி.மீ. நீளம். தொடக்கத்திலும் முடிவிலும் பின்தையல் போடுங்கள்.

4. மேல் ஓரத்துக்கு ஒரு நிற நூல், கீழ் ஓரத்துக்கு வேறு நிறம். கட்டும்போது "பிடரிப் பக்கம் தளர்வா இருக்கு" என்று தெரிந்தால் எந்த ஓரத்தை இழுக்கணும் என்று உடனே தெரியும்.

5. நீளத்தின் சரிபாதியில், ஓரமாக, ஒரு சின்னத் துணித்துண்டைத் தைத்து அடையாளம் வையுங்கள். அரை இருட்டில் அழுகிற குழந்தையோடு நடுவைத் தேடும்போது அதன் அருமை புரியும்.

முடிந்தது. பட்டன், கண்ணாடி, குஞ்சம் எதுவும் வேண்டாம், பிய்ந்தால் வாய்க்குத்தான் போகும். கவனித்தீர்களா, போட்ட தையல் எல்லாமே ஓரம் பிரியாமல் இருக்க மட்டும்தான். எடை எதன் மேலும் இல்லை.

அரிசி சோதனை

குழந்தைக்கு முன்னால் அரிசி. பத்துக் கிலோ அரிசியைப் பழைய தலையணை உறையில் போட்டு வாய் கட்டி, துணியில் வைத்துக் கட்டி, வீட்டுக்குள் நடந்தேன். படி ஏறி இறங்கினேன், பத்துத் தடவை குதித்தேன். குழந்தை நாலு கிலோதானே என்று நினைக்கக் கூடாது. நாம் தடுக்கினாலோ குதித்தாலோ துணியின் மேல் அந்த நொடியில் விழும் பாரம் அதைப்போல இரண்டு மடங்குக்குப் போகலாம்.

கட்டுத்துணியில் முடிச்சு நகரவில்லை, ஓரத்தையலும் அப்படியே இருந்தது. பிறகு ஒரு ஆர்வத்தில் நீலப் பையிலும் அதே அரிசியைப் போட்டேன். கால் மணி நேரத்தில் தோள் மூட்டு பல்லை இளித்துவிட்டது. அத்தை அரிசியைப் பொறுக்கிக்கொண்டே என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

இதுவும் ஒரு தடவைச் சோதனைதான். ஒவ்வொரு முறை கட்டும்போதும் துணியை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை, நைந்த இடம், பிரிந்த நூல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

கட்டுவது

முதலில் பொம்மையோடு பழகுங்கள். பிறகு குழந்தையோடு, கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, கூட ஒரு ஆள் இருக்கும்போது. பனியன் துணியில் கட்டும் முறை இது. நடு அடையாளத்தை வயிற்றுக்கு மேலே வையுங்கள். இரண்டு வாலையும் பின்னால் கொண்டுபோய் முதுகில் குறுக்கிட்டு, ஒவ்வொன்றையும் எதிர்த் தோள் வழியாக முன்னால் இறக்குங்கள். வயிற்றுப் பட்டைக்குள் நுழைத்து, மறுபடி குறுக்கிட்டு, பின்னால் கொண்டுபோய் முடிச்சு. இரட்டை முடிச்சு போடுங்கள். வால் நீளமாக இருந்தால் முன்னாலும் கொண்டுவந்து கட்டலாம்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மார்பில் உள்ள இரண்டு குறுக்குப் பட்டைகளுக்குள் ஒவ்வொரு காலாக இறக்குங்கள். பட்டை முட்டியிலிருந்து முட்டி வரை விரிய வேண்டும். கடைசியாக வயிற்றுப் பட்டையை மேலே இழுத்துப் பிட்டம், முதுகு, பிடரி வரை மூடுங்கள். பனியன் துணியில் இந்த மூன்று அடுக்கும் குழந்தையின் மேல் இருந்தே ஆக வேண்டும்.

நெய்த துணி இழுபடாது என்பதால் முன்கூட்டியே கட்டி வைத்துக் குழந்தையை உள்ளே விட முடியாது. குழந்தையை நெஞ்சில் வைத்த பிறகுதான் ஒவ்வொரு ஓரமாக இழுத்து இறுக்க வேண்டும். அதைப் பழகியவர் ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பதே நல்லது.

ஒவ்வொரு தடவையும் பார்க்க வேண்டியது

அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் 2010 மார்ச்சில் இந்த மாதிரித் துணிப் பைகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. அதற்கு முந்தைய இருபது ஆண்டுகளில் அவர்கள் கணக்குக்கு வந்த மரணங்கள் குறைந்தது 14. அதில் 12 குழந்தைகளுக்கு நாலு மாசம்கூட ஆகவில்லை. அதைப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

காரணம் எளிது. சின்னக் குழந்தையின் தலை கனம், கழுத்துத் தசைக்கு வலு இல்லை, மூச்சுக்குழாய் மெல்லியது. தாடை நெஞ்சில் மடங்கினால் தண்ணீர்க் குழாயை மடக்கின மாதிரி. சத்தமே இல்லாமல் மூச்சுக் குறையும். குழந்தை அசையாமல் கிடந்தால் நாம் தூக்கம் என்றே நினைப்போம். நான் நினைத்தேனே.

அதனால் ஐந்து விஷயம்:

இறுக்கமாக இருக்கிறதா? நாம் குனிந்தால் குழந்தை நம் உடம்பை விட்டு விலகக் கூடாது.

முகம் தெரிகிறதா? துணி மூக்கை மூடக் கூடாது, முகம் நம் மார்பில் அழுந்தவும் கூடாது.

முத்தம் எட்டுகிறதா? தலையைக் குனிந்தால் உச்சந்தலையில் முத்தம் கொடுக்கிற உயரம்.

தாடைக்கும் நெஞ்சுக்கும் நடுவில் விரல் போகிறதா? இடைவெளி எப்போதும் இருக்கணும்.

முதுகு தாங்கப்பட்டிருக்கிறதா? மெதுவாக முதுகில் கை வைத்து அழுத்தினால் குழந்தை மடங்கக் கூடாது.

துணிக்குள் வைத்தே பால் கொடுத்தால், முடிந்ததும் பழைய உயரத்துக்குத் தூக்கிவிட வேண்டும். அடுப்புப் பக்கம் வேண்டாம். டூ வீலர் வேண்டவே வேண்டாம். குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை, சளி பிடித்து மூச்சு வாங்குகிற குழந்தை என்றால் டாக்டரைக் கேட்காமல் கட்டக் கூடாது. நம்ம ஊர் வெயிலுக்கு மூன்று அடுக்குத் துணியே ஒரு உடுப்புதான்; உள்ளே ஒரு மெல்லிய சட்டை போதும். பிடரியில் வேர்த்தால் எடுத்துவிடுங்கள்.

சுமந்தால் அழுகை குறையுமா?

1986-ல் கனடாவின் மான்ட்ரியலில் ஹன்சிக்கர், பார் என்ற இருவர் 99 தாய்-குழந்தை ஜோடிகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள். ஒரு பாதியினர் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தூக்கி வைத்திருக்க வேண்டும், அழும்போது மட்டுமில்லை, சும்மா இருக்கும்போதும். ஆறாவது வாரத்தில் அந்தக் குழந்தைகளின் அழுகை 43 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் இடைவிடாமல் கதறும் 'கோலிக்' குழந்தைகளிடம் இதே பார் குழுவினர் சோதித்து 1991-ல் வெளியிட்ட ஆய்வில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. முன்கூட்டியே சுமப்பது உதவுகிறது. எல்லா அழுகைக்கும் அது மருந்தில்லை.

கங்காரு பராமரிப்பு வேறு விஷயம். 1978-ல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பற்றாமல் தவித்த ஒரு மருத்துவமனையில் டாக்டர் எட்கர் ரே தொடங்கியது. தோலோடு தோலாக, மருத்துவர் கண்காணிப்பில் நடப்பது. எடை குறைந்த குழந்தைகளின் உயிரைக் காக்கிறது என்று நிரூபணமானது அதுதான். வீட்டில் கட்டும் துணிக்கு அந்தப் பெருமையை எடுத்துச் சூட்டக் கூடாது.

என் அனுபவத்தில் கிடைத்தது சின்ன விஷயம். இரண்டு கை. ஒரு தட்டுச் சோறு சூடாகச் சாப்பிட முடிந்தது. நெஞ்சில் அவள் மூச்சு ஏறி இறங்குவது தெரிந்துகொண்டே இருந்தது.

துணியின் இன்னொரு பாதியை நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டேன், அவருக்கு அடுத்த மாசம் பிரசவம். கூடவே பத்துக் கிலோ அரிசியையும் கொடுத்தேன், சிரித்தார். நீலப் பையைத் தூக்கிப் போடவில்லை. யாராவது "எனக்கும் ஒண்ணு தைச்சுத் தா" என்று வந்தால், தோளில் பிரிந்த அந்த மூட்டைத்தான் முதலில் காட்டுகிறேன்.